செம்மஞ்சள் நாடா சுற்றிய கத்தி

என் சமையலறை யன்னல் விளிம்பில், பாத்திரம் கழுவும் சோப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு கத்தி கிடக்கிறது. நான்கு அங்குல அலகு. முழுக்கத் துருவேறி, தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டும். பிடி மான் கொம்பு. அதன் ஒரு பக்கத்தை அணில்கள் கொறித்துப் பள்ளமாக்கி வைத்திருக்கின்றன. அந்தக் கொம்பின் மேல், வயருக்குச் சுற்றுகிற செம்மஞ்சள் நாடா மூன்று சுற்று. வீட்டுக்கு வருகிறவர்கள் இவ்வளவு வடிவான பிடிக்கு ஏன் இந்தக் கோலம் என்று கேட்கிறார்கள். அந்தக் கத்தியைத் தெரிவு செய்தவள் நான். இவ்வளவு ஆராய்ச்சி செய்து நான் வாங்கிய பொருள் வேறொன்றில்லை. இவ்வளவு பிழையாக வாங்கியதும் வேறொன்றில்லை.

வாங்கியது என் மச்சாளுக்காக. மாமியின் மகள், என்னைவிட ஏழு வயது மூத்தவர். ஐந்து வயதில் நோர்வேக்குப் போய் அங்கேயே வளர்ந்து, வகுப்புத் தோழிகளோடு சேர்ந்து வேட்டைப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்து, இலையுதிர்காலம் வந்தால் மான் வேட்டைக்குப் போகிறவராக இருந்தவர். கலியாணம் செய்து லண்டனுக்கு வந்தபோது, ஈஸ்ட் ஹாமில் கணவரின் பலசரக்குக் கடையில் கல்லாப் பக்கம் நிற்பதுதான் அவருடைய வேலையாகிவிட்டது. நான் போகும் நேரமெல்லாம் அவர் ஆட்களைப் பார்க்காமல் கதவுக்கு வெளியே, நடைபாதையில் நின்ற ஒற்றை மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள், "இந்த ஊரில எனக்கு ஒண்டுமே சத்தமில்லாமல் இல்லையடி" என்றார். அதற்கு மேல் முறையிட்டு நான் கேட்டதில்லை. ஆனால் சத்தமில்லாமலே பொலிசுக்கு விண்ணப்பித்துத் வேட்டைத் துவக்குக்கு அனுமதியெடுத்து, கென்ட் பக்கமிருந்த பண்ணைகளுக்கெல்லாம் கடிதம் எழுதியிருந்தார். "ரோட்டுக்கு அங்கால இறைச்சிக்கடை இருக்கு. நீர் ஏனப்பா காடு தேடுறீர்?" என்று கணவர் பகிடி பண்ணுவார்.

கடைசியில் ஒரு பதில் வந்தது. அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆங்கிலேயர் எழுதியிருந்தார். மான் பெருகி மரக்கன்றுகளைத் தின்று தீர்க்கிறது, சுடுவதற்கு ஓர் ஆள் தேவை, ஏற்கெனவே வேறொருவரும் கேட்டிருக்கிறார். ஒரு காலை வாருங்கள், ஒரு பெண் மானைச் சுட்டு, அங்கேயே குடலெடுத்துச் சுத்தம் செய்து காட்டுங்கள். இறைச்சி வியாபாரி குறை சொல்லாதபடி இருந்தால் காடு உங்களுக்கு. குடலில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் இறைச்சி கெட்டுவிடும், காடும் போய்விடும். அந்தக் கடிதத்தை மச்சாள் கல்லாவுக்குள் வைத்து, ஆளில்லாத நேரத்தில் எடுத்து எடுத்து வாசித்தார்.

அவருடைய பழைய கத்தி நோர்வேயிலேயே தங்கிவிட்டது. "கத்தியை நான் பாக்கிறன்" என்று நான் குதித்தேன். உலோகவியல் படித்துப் பட்டம் வாங்கிய புதுசு. வீட்டுக்கு பிராட்பாண்ட் வந்ததும் புதுசு. மச்சாள் யோசித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "மடக்காத கத்தியா எடு. பிடி ஒரேஞ்ச் நிறமா இருந்தால் நல்லம்." முதலாவதை நான் அறிவியலாக எடுத்துக்கொண்டேன். இரண்டாவதை ரசனைக் குறைவு என்று தள்ளிவிட்டேன்.

குரோய்டனில் வேலை அப்போது எனக்கு. ட்ராமில் ஏறினால் வேட்டைக்காரர்களின் இணைய விவாதங்களை அச்செடுத்து வாசிப்பேன். மடக்குக் கத்தியின் மூட்டுக்குள் கொழுப்பும் மயிரும் புகுந்துவிடும், கழுவ ஏலாது. அலகு நான்கு அங்குலத்துக்கு மேல் போனால் வயிற்றுக்குள் முனை எங்கே நிற்கிறதென்று கைக்குத் தெரியாது. முனை சற்றுத் தாழ்ந்திருந்தால் குடலைக் குத்தாது. அலகின் இரும்பு, பிடிக்குள்ளும் அதன் அடிவரை ஒரே துண்டாகப் போக வேண்டும். அலகின் முதுகில் தோலைக் கிழிக்கக் கொக்கி வைத்த கத்திகளும் உண்டு. அதன் படத்தைக் காட்டினேன். "இது என்ன, தகர டின் திறக்கவோ?" என்று மச்சாள் சிரித்தார். லண்டனுக்கு வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. துருப்பிடிக்காத எஃகு மழுங்கினால் தீட்டுவது பாடு என்று சாதாரண எஃகைத் தெரிவு செய்தேன். பிடிக்கு மான் கொம்பு. செம்மஞ்சள் பிளாஸ்டிக் பிடியோடு விற்ற மலிவுக் கத்தி, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் போலிருந்தது. அதை இரண்டாவது தடவை நான் பார்க்கவேயில்லை.

பொதி வந்த அன்று அம்மா அதை அரிசிப் பேணிக்குள் ஒளித்து வைத்துவிட்டார். "பொலிஸ் பிடிச்சால் என்ன சொல்லுவாய்?"

"மானுக்கு எண்டு சொல்லுவன்."

"ஈஸ்ட் ஹாமில எங்கையடி மான்?"

அன்று பின்னேரம் மச்சாளின் வீட்டுக்குக் கொண்டுபோய், உறையிலிருந்து உருவி, பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. "மேசையில வை" என்றார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பது மாமியின் சட்டம். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமப்படுகிற மச்சாள், அந்தச் சட்டத்தை மட்டும் நோர்வேப் பனிக்காட்டிலும் மீறாதவர். நான் மேசையில் வைத்தேன். அவர் எடுத்தார். பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல வடிவா இருக்கு" என்றார். ஒரேஞ்ச் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை. கடைக்குச் சாமான் ஏற்றும் வானில் புறப்பட்டுப் போனோம். வானைக் காட்டு வாசலில் விட்டுப் பத்து நிமிடம் நடந்தோம். விடிந்து கொஞ்ச நேரத்தில் மச்சாளின் துவக்கில் ஒரே வெடி. மான் விழுந்த இடத்திலேயே கிடந்தது. கடிதம் எழுதிய காட்டுக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு மரத்தடியில் நின்றார். மச்சாள் சட்டைக் கைகளைச் சுருட்டிக்கொண்டு முழங்காலில் இருந்தார். அலகின் இரு பக்கமும் இரண்டு விரலை வைத்து, கூர் வெளிப்பக்கம் பார்க்க, தோலை மட்டும் திறந்துகொண்டு போன அந்தக் கையை என்னால் மறக்க முடியாது. கல்லாவில் நின்ற மச்சாள் வேறு, இவர் வேறு. நான் பின்னங்காலை விரித்துப் பிடித்திருந்தேன். இரண்டு கையையும் உள்ளே விட வேண்டிய கட்டம் வந்ததும், கத்தியை மானின் விலாவில் வைத்து, "துடைச்சு வை" என்றார். நான் எடுத்துத் துடைத்தேன். கையில் கொடுக்கக் கூடாதே என்ற கவனத்தோடு, அவருடைய வலது பக்கம் நிலத்தில் வைத்துவிட்டு, அவசரமாகத் திரும்பக் காலைப் பிடித்தேன்.

மச்சாள் நிலத்தைத் தடவினார். காய்ந்த இலைகள். இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவினார். மடிந்து கிடந்த பெரணிச் செடிகள். நிலம் முழுக்க மான் கொம்பின் நிறம். "எங்கை வைச்சனீ?"

"இஞ்சதான். இதிலதான்."

இரண்டு பேரும் முழங்காலில் ஊர்ந்து இலைகளைக் கிளறினோம். திறந்த வயிற்றிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. இளஞ்சூட்டோடு குடலை எடுக்காவிட்டால் இறைச்சிக்குக் கூடாதென்று நானே வாசித்து அட்டவணை போட்டிருந்தேன். மச்சாள் ஒரு தடவை நிமிர்ந்து வான் நின்ற திசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து கிளறினார். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை.

காட்டுக்காரர் நடந்து வந்து, இடுப்பிலிருந்து தன் கத்தியை உருவி, பிடியை மச்சாளின் பக்கம் நீட்டினார். பிளாஸ்டிக் பிடி. செம்மஞ்சள். மச்சாள் இரத்தம் தோய்ந்த கைகளை மடியிலேயே வைத்திருந்தார், வாங்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. மச்சாள் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "தயவுசெய்து கீழே வையுங்கள். எங்கள் வீட்டில், கத்தி கைக்குக் கை போனால் அந்த இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள். நான் இந்தக் காட்டுக்குக் கனகாலம் வர வேண்டும்."

அந்த மனிதரின் முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை.  பிறகு குனிந்து, கத்தியை மானின் விலாவில் மெதுவாக வைத்தார். மச்சாள் எடுத்தார். அதற்குப் பிறகு எல்லாம் ஒரு பொட்டலம் அவிழ்வதுபோல நடந்தது. குடல் ஒரு கீறலும் இல்லாமல் முழுதாக வெளியே வந்தது. காட்டுக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார், முகர்ந்தார், ஈரலைப் புரட்டினார். நிமிர்ந்து, "அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்றார். மச்சாள் ஒரு கையால் மானின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "ஆறு மணிக்கு" என்றார்.

திரும்பும் வழியில் மூக்குத் துடைக்கக் கடதாசி தேடி வானின் முன்பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு கத்தி. துருப்பிடிக்காத எஃகு, செம்மஞ்சள் பிளாஸ்டிக் பிடி, நான் ஒரே தடவை பார்த்துத் தள்ளிவிட்ட அதே மலிவுக் கத்தி. விலைச்சீட்டும் கழற்றாமல் புத்தம் புதிதாக இருந்தது.

மச்சாள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது… தோட்ட வேலைக்கு" என்றார்.

கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் குடியிருந்த மனுசி. ஒரு பூச்சாடி கூட வீட்டில் கிடையாது. நான் பெட்டியை மூடிவிட்டேன். காட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க, காடு கைவிட்டுப் போகிற அந்த நேரத்தில், "ஓடிப்போய் வானில இருக்கிறதை எடுத்து வா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் முகம் வாடுமென்று அதை அவர் சொல்லாமல் விட்டிருக்கிறார். ஈஸ்ட் ஹாம் வந்து சேரும்வரை நான் யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆறு வருடமாகிறது. சனிக்கிழமைகளில் மச்சாளைக் கடையில் காண முடியாது. செம்மஞ்சள் பிடிக் கத்தி இடுப்பில், அலகில் ஒரு பொட்டுத் துருவில்லை. கணவர் இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மான் இறைச்சிக்கு எவ்வளவு மிளகு போட வேண்டுமென்று வகுப்பெடுக்கிறார். போன மாசியில், பெரணியெல்லாம் படுத்துக் கிடக்கிற காலத்தில், அந்த முதல் மான் விழுந்த இடத்தைக் கடந்து போன மச்சாளின் சப்பாத்தில் ஏதோ தட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து, பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்ததை என் மேசையில் வைத்தார். "இந்தா, உன்ர பட்டப்படிப்பு" என்றார்.

சிரித்து முடிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மேசை லாச்சியிலிருந்து செம்மஞ்சள் நாடாவை எடுத்து, கொறிபட்ட கொம்பின் மேல் இறுக்கி மூன்று சுற்றுச் சுற்றினேன். முடித்த வேகத்தில், வழக்கம்போல யோசிக்காமல், பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினேன்.

மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் இந்த வீட்டுக்கும் கனகாலம் வர வேணும்" என்றார்.

கத்தியை மேசையில் வைத்தேன். அவர் எடுத்தார், பிடித்துப் பார்த்தார், எழும்பிப் போய்ச் சோப்புப் போத்தலுக்குப் பக்கத்தில், வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில் வைத்தார்.