'ஆ' பிரிவின் சோளத்தட்டை

எம்.எட். படித்த ஆண்டு எனக்கு இருபத்தாறு வயது. எண்பதுகளின் தொடக்கம். வீடு தல்லாகுளத்தில். ஆய்வேட்டுக்காகத் தினமும் உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறி, ஊருக்குச் சற்று முன்பே இறங்கி, ஒரு தொடக்கப்பள்ளிக்கு நடப்பேன்.

ஆய்வு எளியதுதான். ஐந்தாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள். 'அ' பிரிவுக்குப் பின்னக் கணக்கை வண்ண அட்டைத் துண்டுகளை வைத்து நான் சொல்லித்தருவேன். 'ஆ' பிரிவுக்கு அவர்களுடைய டீச்சர் வழக்கம்போலக் கரும்பலகையில் நடத்துவார். ஆறு வாரம் கழித்து இரண்டுக்கும் ஒரே தேர்வு. மதிப்பெண்ணில் தெரியும் வித்தியாசம்தான் முடிவு. என் வழிகாட்டிப் பேராசிரியர் இதை வயலை வைத்து விளக்குவார்: "ஒரு பாத்திக்கு உரம் போடு, இன்னொண்ணுக்குப் போடாத. விளைச்சலை நிறுத்துப் பாரு. நமக்குத் தோணுறதெல்லாம் அறிவியல் ஆகாதும்மா." அந்தத் தெளிவு எனக்குப் பிடித்திருந்தது.

நாலாவது வாரம் ஒரு மதியம் 'ஆ' பிரிவைக் கடந்து போனேன். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சோளத்தட்டைகளைச் சம துண்டுகளாக ஒடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அரை, கால், அரைக்கால். என் அட்டைகள் செய்கிற வேலையை மாட்டுத் தீவனம் செய்துகொண்டிருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "டீச்சர், உங்க பிரிவுக்கு இது கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேனே?"

அவர் பக்கத்து ஊரில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பதறவில்லை. "நான் ஆரம்பிக்கல டீச்சர். உங்க பிரிவுப் பிள்ளைகதான் சாப்பாட்டு நேரத்துல இதுகளுக்குக் கல்லை வச்சுச் சொல்லிக் குடுத்துச்சுக. இம்புட்டு நாளாப் புரியாதது அதுல புரிஞ்சிருச்சு. பெறகு நான்தான் தட்டை கொண்டாரச் சொன்னேன்."

"பாத்தி மாதிரி பிரிச்சு வச்சாத்தானே டீச்சர் எது நல்லதுன்னு தெரியும்?"

"எங்க வீட்லயும் வெள்ளாமைதான். ஒரு பாத்தி பக்கத்துப் பாத்திக்குப் போயி எதையும் சொல்லாது. பிள்ளைக சொல்லும். நல்லதுன்னு தெரிஞ்சும் மறைச்சு வைக்கச் சொல்றீக. எனக்கு மனசு வரல."

அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். தேர்வு முடிந்தபோது இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான்.

கல்லூரியில் என் வழிகாட்டி தாள்களைப் புரட்டிவிட்டு, "கலந்துபோச்சு. வேற பள்ளிக்கூடம் பாரு, முதல்லேர்ந்து செய்" என்றார். எதிர் மேசையில் இருந்த உளவியல் பேராசிரியர் தலை நிமிர்ந்தார். "எதுக்கு? ரெண்டு வகுப்புக்கு நடுவுல பாடம் எப்படிப் பரவுச்சுன்னு இந்தப் பொண்ணு கண்ணால பார்த்திருக்கு. அதை எழுதட்டும்."

"ஒரு இடத்துல நடந்ததை எழுதினா அது கதை சார். நாளைக்கு இன்னொருத்தர் அதைச் செஞ்சு சரிபார்க்க முடியுமா?"

"பிள்ளைங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசாத பள்ளிக்கூடம் எங்க இருக்கு? அப்படி ஒண்ணு இருக்கிறதா நினைச்சு அளந்தா மட்டும் அது அறிவியலா?"

டீ ஆறிப்போகும்வரை வாதம் நீண்டது. இருவரும் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கோ, வழிகாட்டி சொன்னதும் சரியாகப் பட்டது. மற்றவர் சொன்னதும் சரியாகப் பட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். திரும்பவும் முதலிலிருந்து செய்ய மனமில்லை. நடந்ததை மறைத்து எழுதவும் மனமில்லை.

அட்டவணைகளை அப்படியே வைத்தேன். அட்டைகளால்தான் பிள்ளைகள் தேறினார்கள் என்று இந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது என்று நேராக எழுதினேன். அதன்பின் சோளத்தட்டைக்காகத் தனி அத்தியாயம். யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பிள்ளைகளிடம் ஒரு வாரம் உட்கார்ந்து கேட்டுக் குறித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகச் செய்த வேலை வேறில்லை. வழிகாட்டி அந்த அத்தியாயத்தில் பல வரிகளுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, "இதுக்கு ஆதாரம்?" என்று கேட்டார். ஆதாரம் இல்லாததை எடுத்துவிட்டேன். மிஞ்சியது உறுதியாக நின்றது. அவர் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் அந்த அத்தியாயத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டார். தேறினேன்.

மறு ஆண்டு ஏதோ வேலையாகக் கல்லூரிக்குப் போனபோது, என் வழிகாட்டி புது மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பள்ளிக்கூடத்துக்குப் போனதும் அங்க இருக்கிற டீச்சர்கிட்ட உட்கார்ந்து பேசுங்க. பிரிவு பிரிக்கிறதெல்லாம் அப்புறம்." எதிர் மேசைக்காரர் வேண்டுமென்றே பெரிதாக இருமினார். இருவரும் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கும் ஒரு டீ சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.