அப்பன் பெயரில் ஒரு சிப்பாய்

பட்டாளத்தில் டில்லிபாபுவின் பெயர் வேம்புலி. அது அவருடைய அப்பாவின் பெயர். ஆளெடுத்தபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னவர்கள், அதையே அவர் பெயராக்கிவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு, ஆவணத்தைத் திருத்தச் சொல்லி நடையாய் நடந்தார். இன்று ஆவடி ராணுவ அலுவலகத்தில் எழுத்தர் ஒரு தாளை நீட்டினார்.

"டில்லிபாபுவும் வேம்புலியும் ஒரே ஆள்தான்னு இதுல கையெழுத்துப் போடுங்க சார். மாத்திடலாம்."

டில்லிபாபு தாளைக் கசக்கி மேசைமேல் எறிந்தார்.

"எங்கப்பா செத்தப்போ, வேம்புலி காலமானார்னு ஊட்லேர்ந்து தந்தி வந்துச்சு. 'வேம்புலி நீதானே, உயிரோட நிக்கிறியே'ன்னு சிரிச்சுகினே லீவு இல்லன்னுட்டான் அதிகாரி. கொள்ளி வெக்கக்கூட வுடல சார். இப்போ அவரும் நானும் ஒரே ஆளுன்னு நானே கையெழுத்துப் போடணுமா?"