இல்லாத அண்ணரின் வழக்கேடு

சீனன்குடாவில், எண்ணெய் சேமிக்கும் குதங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பண்டகசாலையில் வேலை செய்தேன். அங்கே பித்தளை வால்வுகள் களவு போயின. நான் எடுக்கவில்லை. ஆனாலும் நான்தான் எடுத்தேன் என்று தீர்ப்பாகி, பதினொரு மாதம் மறியலில், சிறைக்குள் இருந்தேன். வெளியே வந்த பிறகு, வேறொரு களவில் பிடிபட்டவன் அந்த வால்வுகளையும் தானே எடுத்ததாக ஒப்புக்கொண்டான். அதனால் எனக்கு ஒன்றும் மாறவில்லை. என் பேரில் தீர்ப்பு இருக்கும்வரை வேலைத்தலத்துக்குள்ளே போகப் பாஸ் தரமாட்டார்கள்.

கொழும்பில் மனுப்போட்டுத் தீர்ப்பை நீக்கலாம் என்றார் சட்டத்தரணி. "வழக்கேட்டின்ர பிரதியை எடுத்துக்கொண்டு கெதியா வாரும். சுணங்கினால் அதையே சாட்டி மனுவைத் தள்ளுபடி செய்துபோடுவினம்."

தம்பலகாமத்திலிருந்து பஸ் ஏறி நீதிமன்றப் பதிவறைக்குப் போனேன். நல்ல சனம். கிளாக்கர் தலை நிமிராமல், "ஆற்ற வழக்கு?" என்றார்.

நான் மறியலில் இருந்தது ஊருக்கே தெரியும். ஆனால் என் வாயால் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"அண்ணற்ர, ஐயா."

எனக்கு அண்ணன் கிடையாது. கிளாக்கர் வழக்கு இலக்கத்தை வாங்கிப் பதிவேட்டைப் பார்த்தார்.

"அவர் வெளியில வந்திட்டாரோ?"

"ஓம்."

"அப்ப அவரையே வரச்சொல்லுங்கோவன்."

"அவர் வீட்டை விட்டுப் பெரிசா வெளிக்கிடுறேல்ல, ஐயா."

"பாவம். அப்ப அவரிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ."

வீட்டில் இருந்து, அண்ணனாக நானே எழுதினேன். பிரதியை என் தம்பியிடம் கொடுக்கவும் என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். தம்பிக்கு ஒரு பெயரும் வைத்தேன். கிளாக்கர் கடிதத்தை வாசித்துவிட்டு, தம்பியின் அடையாள அட்டையைக் கேட்டார். மறந்துவிட்டேன் என்று சொல்லிக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு வாசல்வரை போவதும் சனத்தைக் கண்டு திரும்புவதுமாக மூன்று மாதம் போயிற்று.

கடைசியில் கடிதத்தைச் சட்டத்தரணியிடம் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"உமக்கென்ன விசரே? செய்யாததுக்கு உள்ள இருந்தது போதாதெண்டு, இனிச் செய்துபோட்டும் போகப்போறீரே?"

அடுத்த நாளும் பதிவறையில் சனம்தான்.

"அண்ணர் எப்பிடி, வெளிக்கிடுறாரோ?" என்றார் கிளாக்கர்.

என் அட்டையை மேசையில் வைத்தேன். "அண்ணர் எண்டு ஒருத்தரும் இல்லை, ஐயா. மறியலில இருந்தது நான்தான்."

சனம் என் பக்கம் திரும்பியது. கிளாக்கர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதை அண்டைக்கே சொல்லியிருந்தால் எப்பவோ முடிஞ்சிருக்குமே."

மூன்று கிழமையில் பிரதி கிடைத்தது. சுணக்கத்துக்குக் காரணமாக, நான் நோயில் கிடந்ததாக எழுதவா என்று சட்டத்தரணி கேட்டார். வேண்டாம் என்றேன். "வெக்கம் எண்டு எழுதேலாது, தம்பி," என்று முணுமுணுத்துவிட்டு, ஏதோ எழுதினார்.

இரண்டு மாரிகாலம் கழிந்துதான் தீர்ப்பை நீக்கினார்கள். அந்தக் கடதாசியை வேலைத்தலத்துக்குக் கொண்டுபோனேன். என் இடத்தில் வேறொருவர் இருக்கிறார், வெற்றிடம் வந்தால் அறிவிப்போம் என்றார்கள். சரி என்றேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.