முயல் பேசாத புத்தகங்கள்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கும் தாய்மார்கள் சிலர் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்புகிறேன். ஆனால் நான் அதைக் கற்றுக்கொண்டது பிள்ளைப்பாசத்தால் மட்டும் அல்ல. பாதிக்கு மேல் வன்மத்தால். ஒரு தலைமையாசிரியரைப் பழிவாங்க வேண்டும் என்ற ஆசை இல்லாமல் போயிருந்தால் நானும் நடுவழியில் சோர்ந்திருப்பேன்.

எண்பதுகளில் நான் அரூர் தாலுகா அலுவலகத்தில் உதவியாளர். மொரப்பூருக்கும் கம்பைநல்லூருக்கும் நடுவில் எங்கள் ஊர். கணவர் அங்கே உரக்கடை வைத்திருந்தார். ஒரே மகன். பேச ஆரம்பித்ததே தாமதம். பேசினாலும் கேட்ட கேள்விக்குப் பதில் வராது. பள்ளிக்கூடத்தில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதை அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வகுப்பை விட்டு ஓடிவிடுவான். அவனுடைய தன்மைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. ஊர் வைத்த பெயர்கள் நிறைய இருந்தன. அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

மூன்றாம் வகுப்பு பாதியில் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை.

"கவர்மெண்டு வேலை பாக்கறீங்க, உங்களுக்கு நான் சொல்லணுங்களா? இவன் கையில புக்கைக் குடுக்கறதும் மாட்டு முன்னால போடறதும் ஒண்ணு. மாடாவது தின்னுட்டுப் பால் கறக்கும்."

அறையில் இருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். என் மகன் அவர் மேசையில் இருந்த ரப்பர் ஸ்டாம்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"டி.சி.யை நீங்களா கேட்டு வாங்கிட்டுப் போயிருங்க. அதான் உங்களுக்கு மரியாதை" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'பெற்றோரின் சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுகிறேனா என்று எட்டிப் பார்த்தார். அந்தச் சொற்றொடர் எனக்குப் பழக்கமானதுதான். அரசாங்கம் ஒருவரை வெளியே தள்ளும்போது கதவை அவரையே திறக்கச் சொல்லும். அன்று எனக்கு அழுகை வரவில்லை. இந்த ஆள் ஒருநாள் என் மகன் முன்னால் புத்தகமோ தாளோ ஏந்தி நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் பாடம் தொடங்கியது. முதல் வருடம் முழுத் தோல்வி. பாடநூலில் ஒரு முயல் ஆமையிடம் வழி கேட்டது. "முயல் பேசாது" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டான். திறந்தால் மறுபடி மூடினான். பெங்களூரிலிருந்து என் நாத்தனார் வழவழப்பான படப் புத்தகங்களை அனுப்பினார். பக்கத்துக்குப் பக்கம் சிரிக்கும் முகங்கள். அந்த முகங்களை அவன் உள்ளங்கையால் மறைத்தான். கை எடுத்தால் அழுதான். புத்தகம் வாங்கியவர்கள் எல்லாரும் பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தார்கள், நான் உட்பட. இந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பார்த்தது என் கணவர். நான் அலுவலகம் போனால் பையன் உரக்கடையில்தான் இருப்பான். ஒருநாள் மாலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கடையில் கூட்டம், சிரிப்பு. பூச்சிமருந்து வாங்க வந்த விவசாயி ஒருவரை என் மகன் மறித்துக்கொண்டு நின்றான்.

"கையுறை எங்க?"

"ஏங் கண்ணு, மருந்து கலக்கறதுக்கு எதுக்குடா கையுறை?"

"மருந்தைக் கலக்கும் முன் கையுறை அணியவும். காற்று வீசும் திசைக்கு எதிராகத் தெளிக்கக் கூடாது. கையுறை எங்க?"

"அடேயப்பா! பூச்சிமருந்து இன்ஸ்பெக்டருங்களா?" என்று அவர் கைகூப்பினார். "வூட்ல போயி எடுத்தாறேனுங்க, சார்!"

மருந்துப் பெட்டிக்குள் வரும் துண்டறிக்கையை அவன் தானே படித்திருந்தான். முதலில் இது, பிறகு இது, இதைச் செய்யக் கூடாது, செய்தால் இன்னது நடக்கும். படம் இல்லை. முகம் இல்லை. முயல் இல்லை. அன்று எனக்கு விளங்கியது: என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி நடந்துகொள்ளும் புத்தகம்தான் அவனுக்கு வேண்டும். அப்படிப்பட்ட எழுத்துக்கு நடுவில்தான் நான் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தேன்.

அதன்பின் நான் புத்தகம் தேர்ந்தெடுத்த முறை ஊரில் யாருக்கும் புரியவில்லை. சமையல் குறிப்புப் புத்தகம் வாங்கினேன். அளவுகளில் பின்னம் வந்தது. தையல் பயிற்சி நூல் வாங்கினேன், வடிவியல் வந்தது. வேளாண்மைத் துறை இலவசமாகக் கொடுக்கும் பயிர்க் கையேடுகளில் அறிவியல் இருந்தது. தடித்த புத்தகத்தைக் கண்டால் மிரண்டான் என்பதால், பாடநூல்களைத் தையல் பிரித்து, பாடத்துக்கு ஒன்றாக அலுவலகக் கோப்புக் கட்டும் டேக்கில் கோத்தேன். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. முகங்களின் மேல் பழுப்புத்தாள் ஒட்டினேன். வரலாறு மட்டும் இழுத்தடித்தது. ராஜாக்கள் சொன்னபடி நடப்பவர்கள் அல்லர். கடைசியில் ஒவ்வொரு ராஜாவையும் பதவியேற்பு, எல்லை மாற்றம், பணிநீக்கம் என்று மூன்று தலைப்பில் எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் ஒரு பேரரசை முடித்தான்.

"இதெல்லாம் எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றார் கணவர்.

எதற்கு என்பது எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். வயது நிறைந்திருந்தால் போதும், பள்ளிக்கூட வாசலை மிதித்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சான்றிதழ் இருந்தால் கடைநிலை வேலை எதற்காவது விண்ணப்பிக்கலாம். எங்கள் காலத்துக்குப் பிறகு அவன் யார் வீட்டு வாசலிலும் நிற்காமல் இருக்க அந்த ஒரு தாள் வேண்டும்.

அவனுக்கு வயது நிறைந்ததும் விண்ணப்பித்தேன். நுழைவுச்சீட்டு வந்தது. தேர்வு மையம் அதே பள்ளி. முதன்மைக் கண்காணிப்பாளர் அதே தலைமையாசிரியர். எனக்கு எரிச்சல் வரவில்லை. பசி வந்தது.

நுழைவுச்சீட்டோடு 'தேர்வர்களுக்கான அறிவுரைகள்' என்ற மடிப்புத்தாளும் வந்தது. என் மகன் வாழ்க்கையில் மிகவும் நேசித்த நூல் அதுதான். எங்கே உட்கார வேண்டும், எப்போது மணி அடிக்கும், எதைக் கொண்டுவரக் கூடாது, எல்லாம் இருந்தது. மணி அடிக்கும் என்று எழுதியிருந்ததால் மணியைக்கூட ஏற்றுக்கொண்டான். காதில் பஞ்சு வைத்துக்கொள்வதாக அவனே சொன்னான். தூங்கப் போகுமுன் அதை முழுதாக ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் படுப்பான்.

முதல் நாள் தமிழ்த் தேர்வு. அறை நிறைய மீசை வைத்த ஆண்கள். டிரைவர் வேலைக்கு எட்டாம் வகுப்புச் சான்று கேட்பார்கள் என்பதால் லாரி ஓட்டுகிறவர்கள், சமையல்காரர்கள் என்று பலர் எழுத வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தலைமையாசிரியரின் மச்சினன். என் மகனை உள்ளே விட்டுவிட்டு நான் வேப்பமரத்தடியில் நின்றேன்.

மணி அடித்தது. அவன் ஓடி வரவில்லை. மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் அரக்கப்பரக்க வந்தார்.

"அக்கா, உங்க பையன் பேப்பரைத் தொட மாட்டேங்கறான். ஹெச்.எம். கத்தறாரு. வாங்க."

நான் வாசற்படிக்கு வெளியே நின்றேன். வெளியாட்கள் உள்ளே போகக் கூடாது. என் மகன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வினாத்தாள் மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

"பாத்தீங்களா? அன்னிக்கே சொன்னேன்" என்றார் தலைமையாசிரியர். "கூட்டிட்டுப் போங்க. மத்தவங்க எழுதணுமில்ல?"

நான் அவரைப் பார்க்கவில்லை. "ஏன் எழுதலை?" என்று மகனைக் கேட்டேன்.

"வினாத்தாள் உறையின் முத்திரையை இரண்டு தேர்வர்களிடம் காட்டி, கையொப்பம் பெற்ற பிறகே பிரிக்க வேண்டும்" என்றான். "சார் பிரிச்சே கொண்டாந்தாரு. இது பரிட்சை இல்லை."

பின்பெஞ்சு லாரிக்காரர் ஒருவர், "ஆமாங்க, கவர் கிழிஞ்சுதான் இருந்துச்சு" என்றார். மச்சினன் குனிந்து தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

உறை முன்கூட்டியே எதற்காகப் பிரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அதிகாரிகள் தனியே இருக்கிறார்கள். எனக்கு அந்த நிமிடத்தில் ஒன்றுதான் முக்கியம். இன்று அவன் எழுதாமல் எழுந்தால் இனி எந்தத் தேர்வறையிலும் உட்கார மாட்டான். சொன்னபடி நடக்காத புத்தகங்களின் வரிசையில் தேர்வையும் சேர்த்துவிடுவான். 'பரவாயில்லை, எழுது' என்று நான் சொன்னால் என்னையும் சேர்த்துவிடுவான்.

"சார்," என்றேன், "சேதமானா பயன்படுத்தறதுக்கு மையத்துக்கு ஒரு மாத்து உறை வந்திருக்கும். அதைக் கொண்டாங்க."

"எனக்கு நீங்க ரூல்ஸ் சொல்லித் தர்றீங்களா?"

"சொல்லித் தரலைங்க. பறக்கும் படை ஜீப் இப்ப பொம்மிடியில நிக்குது. அவங்க டூர் புரோகிராமை டைப் அடிச்சதே நான்தான். போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ஒரு போன் போட்டா அரை மணியில வந்துருவாங்க. போடட்டுங்களா?"

அவர் போனார். மாற்று உறையோடு வந்தார். முன்பெஞ்சில் இருந்த சமையல்காரரிடம் முத்திரையைக் காட்டி அவசரமாகக் கையெழுத்து வாங்கினார். அடுத்த பெஞ்சுக்குத் திரும்பியவரிடம், "ரெண்டாவது கையெழுத்து அவன்கிட்ட வாங்குங்க, சார்" என்றேன்.

வாங்கினார். என் மகன் உட்கார்ந்திருந்தான். அவர் குனிந்து, இரண்டு கைகளாலும் உறையை அவன் முகத்துக்கு நேராக ஏந்தி நின்றார். அவன் எதையும் அவசரமாகப் பார்க்கிறவன் அல்ல. அரக்கின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை பார்த்தான். திருப்பச் சொன்னான், திருப்பினார். மறுபடி முன்பக்கம் காட்டச் சொன்னான், காட்டினார். நெற்றி வியர்வை அவர் மூக்கு நுனி வரை வந்தது. இரண்டு கையும் உறையில் இருந்ததால் துடைக்க வழியில்லை. லாரிக்காரர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் கோயிலுக்கு அதிகம் போகிறவள் அல்ல. ஆனால் தரிசனம் என்றால் என்ன என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"சரியா இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். எழுத ஆரம்பித்தான்.

மாலையில் தலைமையாசிரியர் வாசல் வரை வந்தார். "அம்மா, இதைப் பெருசு பண்ணாதீங்க."

"நான் ஏனுங்க பெருசு பண்றேன்? இன்னும் பரிட்சை பாக்கியிருக்கே" என்றேன். மீதி எல்லாத் தேர்வுக்கும் உறையை நேராக என் மகனிடம்தான் கொண்டுபோனார். நானும் தவறாமல் விடுப்பு எடுத்து, ஜன்னலுக்கு நேராக நின்றேன்.

உடனே புகார் எழுதவில்லை. எழுதினால் மையத்தையே ரத்து செய்து, வேறு தேதியில் மறுதேர்வு என்பார்கள். என் மகனுக்கு அறிவுரைத் தாளில் இல்லாத தேதி தேதியே அல்ல. அதனால் பொறுத்தேன். முடிவு வரும் வரை அந்த மனிதரைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் வைத்தேன். அவர் நன்றாகத் தூங்க வேண்டும் என்று விரும்பினேன்.

எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. வரலாற்றில் மட்டும் எல்லைக்கோட்டில். சான்றிதழ் வந்த காலையில் என் மகன் அதை முன்னும் பின்னும் படித்தான். பெயர், பிறந்த தேதி, முத்திரை எல்லாவற்றையும் சரிபார்த்துத் தலையாட்டினான். நான் பீரோவைத் திறந்து, முன்பே மனதுக்குள் பலமுறை எழுதிவிட்ட புகாருக்குத் தாள் எடுத்தேன்.

"அதான் பாஸ் பண்ணிட்டானே. விட்டுடேன்" என்றார் கணவர்.

"பாஸ் பண்ணது அவன். நான் இன்னும் எழுதவே இல்லை" என்றேன்.

விசாரணைக்கு லாரிக்காரர்கள் உற்சாகமாக வந்து சாட்சி சொன்னார்கள். தலைமையாசிரியருக்கு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம்; பின்விளைவு இல்லாமல். அந்தக் கடைசி இரண்டு சொற்கள் இன்றும் என் நெஞ்சில் உறுத்துகின்றன. அந்த இழப்பு ஓய்வூதியம் வரை தொடரும்படி, பின்விளைவோடு நிறுத்தவும் விதியில் இடம் இருந்தது.