ஜப்பான் ஆல்பமும் பெல்ட் ரோலரும்

மதியம் மூன்று பத்து. தங்கை வீட்டுக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது மச்சானின் தலையில் இருந்த ஹெட்போன். முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, விரல்களால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மகள், அதாவது என் தங்கை மகள், எதிரே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கல்லூரியில் படிக்கிறாள். அன்று அவள் போட்டுக் காட்டியது ஒரு ஜப்பானிய பாப் குழுவின் புது ஆல்பம். குழுவில் எல்லாரும் சின்ன வயதுக்காரர்கள். ஆனால் ஆல்பம் முழுவதையும் தாங்கள் பிறப்பதற்கு முந்தைய எண்பதுகளின் ஓசையில் செய்திருந்தார்கள்: பழைய சின்தசைசர், துள்ளும் பேஸ் கிட்டார், பின்னணியில் பெண்களின் கோரஸ். அதை மச்சானிடம் கொடுக்கக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன் அவர் டவுன்ஷிப்பில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர்.

"பேஸ்காரன் நல்லா வாசிக்கிறான்," என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "ஆனா மேல ஒண்ணுமே இல்லாம மொட்டையா வுட்டுட்டானுங்க."

"மொட்டையா? மணி அடிச்சிக்கினே இருக்கே அத்தா."

"ஐஸ் வண்டியா ஓட்டறான், மணி அடிக்க?"

ஹெட்போனில் கோளாறு என்று நினைத்து அவள் தன் காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் தந்தாள். மெல்லிய, கூர்மையான மணியோசை. பாட்டின் தொடக்கத்திலிருந்து விடாமல் ஒலித்தது.

"மணி இருக்கு மச்சான்," என்றேன்.

மச்சான் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். "பேஸ் கேக்குது. பாடறது கேக்குது. நீங்க சொல்ற மணி இல்ல."

அந்த வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். நிலக்கரிச் சுரங்கத்து இரைச்சலில் பேசிப் பழகியவர் வீட்டுக்கும் அந்தக் குரலோடுதான் வருவார். பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் அதுவே பழகிவிடும். என் தங்கை சமையலறையிலிருந்து உப்பு கேட்பதே சண்டை மாதிரி இருக்கும். அதனால் அவருக்குக் காது மந்தமாகி வந்தது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

மச்சான் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். பெல்ட்டுக்கு அடியில் வரிசையாக ரோலர்கள் சுழலும். ஒன்று பழுதானால் கீச்சென்று கத்தும். ஆபரேட்டர் பெல்ட் ஓரமாக நடந்து, காதாலேயே அதைக் கண்டுபிடிப்பார். காதில் வைக்க அடைப்பான் கொடுத்திருக்கிறார்கள். மச்சானுடையது எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். அடைத்துக்கொண்டால் ரோலர் கேட்காது என்பார்.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ரம்ஜானுக்கு அப்புறம் ஒரு ரோலர் கூட கத்தி நான் கேக்கல. இப்பல்லாம் கிரீஸ் ஒழுங்கா போடறானுங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். மெயின்டனன்ஸ் பசங்களுக்கு டீ வேற வாங்கிக் குடுத்தேன்."

மகள் சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவருக்கு கம்பெனி மெடிக்கல் செக்கப். காது சரியில்லை என்று எழுதினால் பெல்ட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். கான்ட்ராக்ட்டில் கரி வாரி, பல வருஷம் கழித்து பெர்மனென்ட் ஆகி, அதற்கும் பிறகு கிடைத்த ஆபரேட்டர் வேலை.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "டெஸ்ட் எடுக்கறவரு பட்டன் அமுக்கறத பாத்து, சத்தம் கேட்ட மாதிரி கைய தூக்கிடுங்க. எதிர் வூட்டுக்காரரு அப்படித்தான் பாஸானாராம்."

"அவரு ஆபீஸ்ல ஃபைல் பாக்கறவரு."

"நீங்க மட்டும் எதுக்குப் போயி வாயத் தொறக்கணும்?"

"ரோலர் சூடேறி பெல்ட்டு பத்திக்கினா? கீழ கான்ட்ராக்ட் ஆளுங்க கரி வாரிக்கினு இருப்பாங்க."

தங்கை "சோறு ஆறுது," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வழக்கத்தைவிடத் தணிந்த குரல். மச்சான் என் பக்கம் திரும்பி, "என்ன சொன்னா?" என்று கேட்டார்.

சாப்பிட்ட பிறகு மகளைக் கூப்பிட்டு அந்த ஆல்பத்தை முதலிலிருந்து போடச் சொன்னார். ஒவ்வொரு பாட்டாக நிறுத்தி, மேலே என்னென்ன இருக்கிறது என்று அவளைச் சொல்லவைத்தார். சலங்கை, கைத்தட்டல், சிம்பல் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவர் தலையாட்டியது கைத்தட்டலுக்கு மட்டும்.

திங்கட்கிழமை, டெஸ்ட் தொடங்குமுன்பே காது சரியில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார்.

இப்போது மச்சானுக்கு சுரங்கத்தின் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. ஜெனரல் ஷிஃப்ட்.