ராகு காலத்தில் மாறிய தட்டு

மத்திகிரிப் பண்ணையிலிருந்து பால் கொண்டு வருபவர் அன்று காலை செம்பை வாங்காமல் வாசலிலேயே நின்றார். "சார், உங்க பள்ளிக்கூடத்துப் பண்டிதரு போயிட்டாருங்க" என்றார். பிறகு பாலை ஊற்றினார். அளவு சரியாகவே இருந்தது.

தமிழ்ப் பண்டிதர் நாராயணசாமி ஓசூரில் என்னோடு பணியாற்றியவர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வகுப்பில் தமிழ். நிச்சயதார்த்தம், சத்தியம், ஆணை போன்ற சொற்களின் வேரை மூன்று மொழிகளிலும் தேடுவது அவருக்குப் பிடித்த வேலை. ஆகவே ஆசிரியர்கள் யாரும் அவர் எதிரில் "சத்தியமாக" என்று சொல்வதில்லை. சொன்னால் மணியடித்த பிறகும் வீட்டுக்குப் போக முடியாது.

"தெலுங்கில் சத்தியத்துக்கு ஒட்டு என்று பெயர் சார்," என்றார் ஒருநாள். "பழந்தமிழில் ஒட்டு என்றால் பந்தயம். சத்தியம் செய்கிறவன் எதையோ பணயம் வைக்கிறான். எதை என்றுதான் யாரும் கேட்பதில்லை."

போன வருடம் தையில் அவருடைய ஒரே மகள் சரோஜாவுக்கு நிச்சயம். தாயில்லாத பெண். மாப்பிள்ளை வீட்டார் ஆனேக்கல்லிலிருந்து வந்திருந்தார்கள். தாம்பூலத் தட்டைக் கையில் ஏந்திப் பண்டிதர் எழுந்தபோது, சம்பந்தி மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்: "இதுக்கு ஏன் சுவாமி நிச்சய தாம்பூலம்னு பேரு?"

பண்டிதர் தொடங்கினார். நிச்சயம் வடசொல், ஐயம் நீங்குதல். தாம்பூலமும் வடமொழி வழியே வந்ததுதான், வெற்றிலை மட்டும் நம்முடையது. புரோகிதர் இருமினார். உள்ளிருந்து சரோஜா, "நைனா, தட்டு!" என்றாள்.

"இதோம்மா, வேர் வரைக்கும் வந்துட்டேன்."

தட்டு மாறியபோது ராகு காலம் பிறந்திருந்தது.

அடுத்த வாரம் தேங்காயும் வெற்றிலையும் திரும்பி வந்தன. கொண்டு வந்தவர் உட்காரவில்லை. ராகு காலத்தில் மாறிய தட்டு செல்லாதாம். தலைமையாசிரியரும் நானும் ஆனேக்கல்லுக்குப் போனோம். "தப்பு யாரோடதும் இல்ல சார்," என்றார் சம்பந்தி. "பண்டிதரு நல்லாத்தான் பேசினாரு. நேரந்தான் நிக்கல." நல்ல காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அதன்பின் வந்த வரன்களெல்லாம் கேட்டது ஒன்றையே: "தட்டு மாறின பொண்ணுதானே?" தட்டு செல்லாது, ஆனால் பெண் தட்டு மாறியவள். இந்த நிலைக்கு மூன்று மொழிகளிலும் பண்டிதர் சொல் தேடினார். கிடைக்கவில்லை. வகுப்பில் பேச்சு குறைந்தது. மாணவர்கள் மகிழ்ந்தார்கள்.

பண்டிதர் படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். மகளிடம் கையை நீட்டினார். "யாரையாவது கட்டிக்குவேன்னு கையடிச்சுச் சொல்லும்மா."

"வேண்டாம் நைனா. நீங்க கொடுத்த வாக்குலதான் இப்படி நிக்கறேன். நானும் ஒண்ணு கொடுக்கணுமா?"

கை நீட்டியபடியே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் மருந்துப் புட்டியின் மேலிருந்த எழுத்துகளைப் படித்தேன். சற்றுப் பொறுத்து அவளே அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள்.

பாடை எடுக்குமுன் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக அவளிடம் போய், "நாங்க இருக்கோம்மா" என்றோம். தலைமையாசிரியர் இரண்டு முறை சொன்னார். எல்லோருக்கும் "சரிங்க" என்றாள். எதற்கு இருக்கிறோம் என்று நாங்களும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

சென்று வாருங்கள், பண்டிதரே. உங்கள் மகளைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை உறுதியாகச் சொல்லி அனுப்ப வேண்டுமென்றுதான் குனிந்தேன். வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள். வாய்க்கரிசியை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தேன்.