உள்பக்கம் திருப்பிய கார்டிகன்

சுவிசின் ஓல்டன் நகரில் பழைய பண்டகசாலை ஒன்றுக்குள் இருக்கிறது எங்கள் கோயில். வெளியே பனி கொட்டினாலும் ஆண்கள் மேலுடுப்பைக் கழற்றி, வாசல் கொளுக்கியில் கொழுவிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அங்கேதான் அந்த அண்ணையைப் பார்த்தேன். ஒட்ட வெட்டிய நரைமுடி, குளிரில் விறைத்த வெற்றுடம்பு, அதில் மூன்று குறி திருநீறு. அவருடைய கார்டிகன், முன்பக்கம் பொத்தான் வைத்த அந்தக் குளிர்ச்சட்டை, பழங்காலத்து இத்தாலிச் சாமான். கம்பளி கலந்த நூலில் நீலமும் மண்ணிறமுமாய்க் கோடுகள். அதை எப்போதும் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பித்தான் கொழுவுவார்.

“அண்ணை, கார்டிகன் மறுபக்கமாக் கிடக்கு,” என்றேன்.

“தெரியும் தம்பி. நேராக் கொழுவினால் இத்தாலி லேபல் ஆருக்குத் தெரியும்? சாமிக்கு முன்னாலைதான் எல்லாரும் ஒண்டு. கொளுக்கியிலை இல்லை.”

கதை பரவிவிட்டது. அடுத்த வெள்ளி போனால், கொளுக்கி வரிசை முழுக்க லேபல்கள். நானும் என் சட்டையைத் திருப்பிக் கொழுவினேன். அவருடைய கார்டிகன் மட்டும் கோடுகள் தெரிய நேராகத் தொங்கியது.

“இண்டைக்கு என்ன அண்ணை, நேராக் கொழுவியிருக்கிறியள்?”

அவர் குனிந்து என் லேபலை ஆற அமர வாசித்தார்.

“கோயிலுக்கு வந்தும் பெருமையோ, தம்பி?” என்று கேட்டுவிட்டு, கைகூப்பியபடி உள்ளே போனார்.

அன்று பூசை முழுவதும் நான் சாமியைப் பார்க்கவில்லை. அவருடைய வெறும் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.